மிஸ்ஸி கேட்டதும் நான் சொன்னதும்

கிளினிக் வண்டி ஓட்டப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாததை வண்டியே சொல்லிக்கொடுக்கும். மழை பிடித்தால் எந்தத் தாமான் குடியிருப்பில் தண்ணீர் ஏறும், எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு வண்டிகள் நகராது என்பதெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகு நடந்த ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை வழியனுப்பிய அன்று பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து “நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். படிப்பும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. கண் பார்வை மங்கியதால் ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டு வந்தேன். இப்போது வீட்டில் சும்மா இருப்பதால், அன்று சொல்லாததை மெதுவாக எழுதிப் பார்க்கிறேன்.

நீங்கள் தமிழ் பேசுகிறவர்கள். அதனால் என்றாவது ஒரு நாள் உங்களை உள்ளே கூப்பிடுவார்கள். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் அறைக்குள், நர்ஸ் மிஸ்ஸிக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் நின்று, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்லவேண்டியிருக்கும். அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. டிரைவர் வேலைப் பட்டியலில் அது கிடையாது. ஆனால் நான் வண்டி ஓட்டிய இத்தனை வருடத்தில் யார் மேலும் மோதியதில்லை. அந்த அறைக்குள் நின்றபோதுதான் ஒரு பெண்ணைச் சாவின் பக்கம் வரை கொண்டுபோய் விட்டேன்.

இங்கே பிறந்த நம் பெண்கள் பெரும்பாலும் என்னைவிட நன்றாக மலாய் பேசுவார்கள். அவர்களுக்கு டிரைவர் தேவையில்லை. தேவைப்படுவது தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வரும் பெண்களுக்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பெண் எடுக்கிறார்கள். பெண் இங்கே வந்து இறங்குகிறாள். கணவன் விடியுமுன் ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போகிறான், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புகிறான். அவளுக்குப் பேச்சுத்துணை மாமியார் மட்டும்தான்.

அப்படி வந்தவர்தான் கோமதி. இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஊர். இருபத்துமூன்று வயது இருக்கும். என் மகளைவிட ஒரு வயது சின்னவர். உலு திராமுக்கு அப்பால் ஒரு தாமானில் வீடு.

அவருடைய மாமியாரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். காலையில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை செய்வார். எங்கள் கோயிலில் விசேஷ நாள்களில் அன்னதானச் சமையலும் அவர் கையில்தான். முந்நூறு பேர் வந்தாலும் ரசத்தில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

கோமதிக்கு நாலாம் மாதம் நடக்கும்போது அக்கா கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். அன்று அறையில் இருந்தவர் எங்கள் பெரிய மிஸ்ஸி. மலாய்க்காரர். ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்தன. அவருடைய பெயரை எழுத எனக்குத் தகுதியில்லை. பேச்சு மலாயில்தான் நடந்தது, தமிழில் தருகிறேன். என்னை மட்டும் தமிழில் “அண்ணே” என்று கூப்பிடுவார்.

“அண்ணே, உள்ள வாங்க. இந்தப் பொண்ணுக்கு மலாய் தெரியாது.”

“எனக்குத் தெரியும் மிஸ்ஸி, என்னைக் கேளுங்க,” என்றார் அக்கா.

“ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்னா அது உங்க பதில். எனக்கு வயித்துல பிள்ளை வெச்சிருக்கிறவ பதில் வேணும்.”

கோமதிக்கு இரத்தம் குறைவாக இருந்தது. பதினொன்றுக்கு மேல் இருக்கவேண்டிய எண் பத்துக்கும் கீழே இருந்தது. மிஸ்ஸி என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: “பிள்ளை தனக்கு வேண்டிய இரும்புச்சத்த அம்மா உடம்புல இருந்து எடுத்துக்கும். அம்மா சாப்பிட்டாத்தான் அம்மாவுக்கு மிச்சம். நேத்து காலையில எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டா, என்னென்ன குடிச்சா, ஒண்ணொண்ணா கேளுங்க.”

நல்ல கேள்வி. ஆனால் அதை நான் எப்படிக் கேட்பது? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வெளி ஆள் ஒருவன் மருமகளைப் பார்த்து, நேற்று உனக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டால் நம் ஆட்களின் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். கேள்வியாக விழாது. அந்த வீட்டுச் சோற்றின் மேல் சொல்லும் குறையாகத்தான் விழும். அதுவும் அந்த அக்கா வீட்டுச் சோறு. நான் அவர் கையால் எத்தனை இலை சாப்பிட்டிருப்பேன்!

“நல்லா சாப்பிடுறீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

அக்கா சத்தமாகச் சிரித்தார். “ஏன் தம்பி, ஊருக்கே சோறு போடுறவ வீட்டுல மருமவ பட்டினி கிடக்கிறாளான்னு பாக்குறியா?”

எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. கோமதி மாமியாரை ஒரு முறை பார்த்துவிட்டு, “ம், சாப்பிடுறேண்ணா,” என்றார்.

“நல்லா சாப்பிடுறாங்களாம், மிஸ்ஸி,” என்றேன்.

மீன், இறைச்சி உண்டா என்று மிஸ்ஸி கேட்டதற்கு அக்காவே பதில் சொன்னார். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத் தங்கிய கர்ப்பம். பிள்ளை பிறந்து கோயிலில் மொட்டை போடும்வரை வீட்டில் கவிச்சி இல்லை என்று வேண்டுதல். மிஸ்ஸி அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. “சரி, அப்ப கீரை, பயறு, பருப்பு எல்லாம் நிறைய சாப்பிடணும். சாப்பாட்டோட கொய்யாவோ ஆரஞ்சோ ஒரு துண்டு. சாப்பாட்டோடயும் நான் குடுக்கிற இரும்பு மாத்திரையோடயும் தேத்தண்ணி வேணாம். குடிச்சே ஆகணும்னா ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்,” என்றார். இதையெல்லாம் நான் சரியாகவே சொன்னேன். சொல்வது எனக்குச் சுலபம். கேட்பதுதான் கஷ்டம்.

அடுத்த மாதம் வந்தபோது எண் இன்னும் இறங்கியிருந்தது. மிஸ்ஸி கோமதியின் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “வெளிக்குப் போறது என்ன நிறத்துல போகுதுன்னு கேளுங்க,” என்றார். நான் விழித்ததைப் பார்த்துக் காரணமும் சொன்னார். “இந்த மாத்திரை போடுறவங்களுக்குக் கறுப்பா போகும். வாய் பொய் சொல்லும் அண்ணே. அது சொல்லாது.”

தம்பிகளே, எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் நான் தப்புச் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

மலாயில் கிளினிக்கில் புழங்க அதற்குக் கௌரவமான சொல் இருக்கிறது. என்னிடம் இருந்த தமிழ்ச் சொற்களில் ஒன்று குழந்தைகளிடம் பேசுவது, மற்றது சண்டையில் பேசுவது. என் மகள் வயதுப் பெண்ணிடம், அவளுடைய மாமியார் முன்னால், எதைச் சொல்வது? வாயைத் திறந்தேன். வேறு கேள்விதான் வந்தது.

“மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களாம்மா?”

“போடுறேண்ணா.”

மாத்திரை போடுகிறார் என்றால் கறுப்பாகத்தானே போகும்? நான் மனத்துக்குள் அப்படிக் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். மிஸ்ஸியிடம் திரும்பி, “ஹித்தாம்,” என்றேன். கறுப்பு. அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். மலாய் புரிந்த அக்காவும், வீட்டில் மாத்திரை தினம் ஒன்று குறைவதைப் பார்த்திருந்ததால், அதற்குத் தலையாட்டினார். மிஸ்ஸியின் முகம் தெளிந்தது. புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அதற்கடுத்த மாதமும் எண் ஏறவில்லை. “மறுபடியும் கேளுங்க அண்ணே,” என்றார். நான் கோமதியைப் பார்த்து, “எல்லாம் அப்படியேதானேம்மா?” என்றேன். எது அப்படியே என்று அவருக்கு எப்படித் தெரியும்? “ஆமாண்ணா,” என்றார். “ஹித்தாம்,” என்றேன். ஏழாம் மாதத் தொடக்கத்தில் வந்தபோது மிஸ்ஸி கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். மூன்று தடவை. மூன்று தடவையும் மிஸ்ஸி அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் டாக்டர் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு குழம்பினார். மாத்திரை ஒழுங்காக எடுக்கிற பெண்ணுக்கு ஏன் இரத்தம் இறங்குகிறது? பரம்பரையில் ஏதாவது இரத்தக் குறை இருக்குமோ என்று பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும் என்றார்கள். எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருப்பதை நானும் கவுன்டர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. “எனக்குக் கேட்க வெட்கமாக இருக்கிறது மிஸ்ஸி” என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னதற்காக அவர் என்னைக் கடித்துத் தின்றிருக்கமாட்டார். எங்கள் கிளினிக்கிலேயே கூட்டிப் பெருக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் சிரித்துப் பேசிக் கேட்டிருப்பார். அக்காவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும்படி மிஸ்ஸியின் காதில் போட்டிருக்கலாம். வெட்கப்படுவது தப்பில்லை. வெட்கத்தை மறைக்க நானே ஒரு பதிலைச் செய்து கொடுத்தேனே, அதுதான் தப்பு. உங்களுக்கும் ஏதாவது ஒரு கேள்வி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கேட்கவில்லை என்றே சொல்லுங்கள். பதில் வராத இடம் காலியாக இருந்தால் மிஸ்ஸி வேறு வழி பார்ப்பார். அதில் நீங்கள் எதையாவது நிரப்பிவிட்டால் அவர் அங்கே மறுபடி பார்க்கவே மாட்டார்.

கோமதிக்கு ஏழரை மாதம் ஆனபோது ஒரு நாள் கிளினிக்குக்கு வரவில்லை. மிஸ்ஸி என்னை வண்டியை எடுக்கச் சொன்னார். நாங்கள் போனபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். அக்கா அப்போதுதான் கேன்டீனிலிருந்து திரும்பியிருந்தார். கேட்டைத் திறக்க வந்த கோமதி பத்து அடி நடப்பதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டார். உதட்டில் நிறமே இல்லை. மூச்சு வாங்கியது. மிஸ்ஸி கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். “பை எடுக்க நேரமில்ல. ஏறுங்க,” என்றார்.

பின்னால் மிஸ்ஸியும் கோமதியும். முன்னால் என் பக்கத்தில் அக்கா, முருகன் பெயரை முணுமுணுத்துக்கொண்டு. மிஸ்ஸி ஜொகூர் பாருவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்.

“மாத்திரை ஒழுங்கா எடுக்கிறா டாக்டர். வெளிக்குக் கறுப்பு. நானே மூணு தடவை கேட்டு எழுதியிருக்கேன்.”

தெப்ராவ் சாலையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மிஸ்ஸியின் ஒரு கை போனில், மறு கை கோமதியின் மணிக்கட்டில். இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். வண்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மிஸ்ஸி இறங்கி வந்தார். தளர்ந்துபோயிருந்தார்.

“படுக்க வெச்சிருக்காங்க. ஆனா வைத்தியம் இன்னும் ஆரம்பிக்கல. இத்தனை மாசம் இரும்பு மாத்திரை எடுத்தும் ஏறலன்னா இது இரும்புக் குறையா இருக்காதுங்கிறார் டாக்டர். எலும்புக்குள்ள ஏதாவது கோளாறு இருக்குமோன்னு சந்தேகம். அதுக்குப் பெரிய டாக்டர் வரணும். நாளைக்கோ நாளன்னைக்கோ.”

நான் வண்டியிலிருந்து இறங்கினேன்.

“மிஸ்ஸி, அவங்க மாத்திரை போடுறாங்களான்னு எனக்குத் தெரியாது.”

“நீங்கதானே கேட்டீங்க?”

“நிறத்தைப் பத்தி நான் கேக்கல.”

“எந்தத் தடவை?”

“ஒரு தடவகூட கேக்கல.”

மிஸ்ஸி தன் பையைக் கழற்றி வண்டியின் முன்பக்கத்தில் வைத்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மேல வாங்க,” என்றார். “இப்ப கேளுங்க.”

ஆறு கட்டில் போட்ட வார்டு. எல்லாவற்றிலும் பெண்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் தமிழர். அக்கா கோமதியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் சலைன் தொங்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“அம்மா, வெளிக்குப் போறது என்ன நிறத்துல போகுது?”

கேட்டு முடித்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை.

“எப்பவும்போலத்தாண்ணா. ஏன்?” என்றார் கோமதி.

“கறுப்பா இல்லையா?”

“இல்லயே.”

மிஸ்ஸிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “மாத்திரையைக் கேளுங்க,” என்றார்.

கோமதி போர்வை நுனியைச் சுருட்டினார். “போட்டா கொமட்டுதுண்ணா. உள்ள போனது எல்லாம் வெளிய வந்துருது. ரெண்டாவது வாரமே நிறுத்திட்டேன். அத்தை கேட்டா சங்கடப்படுவாங்கன்னு தெனம் ஒண்ணு எடுத்துக் கக்கூசுல போட்டுருவேன்.”

“இப்ப அந்த முதல் கேள்வி,” என்றார் மிஸ்ஸி. “நேத்து காலையில இருந்து.”

இந்தத் தடவை அதை ஒரு வார்த்தை குறையாமல் கேட்டேன். கோமதி மாமியாரைப் பார்த்தார். “சொல்லும்மா, என் மூஞ்சிய ஏன் பாக்குற?” என்றார் அக்கா.

“காலையில தே. நாலு பிஸ்கட்டு முக்கிச் சாப்பிட்டேன். மத்தியானம் ஊறுகாய் வச்சு ரெண்டு வாய் சோறு, அப்புறம் தே. சாயந்தரம் தே. ராத்திரி அவரு வந்தப்புறம் கொஞ்சம் ரசஞ்சோறு.”

“அப்ப நான் விடியக்காலையில எழுந்து வதக்கி வெச்சிட்டுப் போற கீரை? கூட்டு? பருப்பு?”

“வாசனை ஒத்துக்கல அத்தே. பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டுருவேன்.”

“கோழிக்கு நல்லா ரத்தம் ஊறியிருக்கும் லா,” என்றார் பக்கத்துக் கட்டில் பெண்.

கோமதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா எழுந்துபோய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. வேற மாதிரி செஞ்சு குடுத்திருப்பேனே.”

“நீங்க ஊருக்கே சமைக்கிறவங்க. உங்க சமையல் எனக்கு எறங்கலன்னு எப்படிச் சொல்றது?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீயாவது அன்னிக்கு ஒழுங்கா கேட்டிருக்கக்கூடாதா, தம்பி?”

அன்று அவர் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவில் இருந்தது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

மிஸ்ஸி வார்டு டாக்டரிடம் போய், அந்தப் பெண் மாத்திரை எடுக்கவில்லை, புத்தகத்தில் இருப்பது தவறு என்றார். எப்படித் தவறு வந்தது என்று அவர் கேட்டபோது, “எங்க கிளினிக்கு செஞ்ச தப்பு. நான் சரியா பார்க்கல,” என்றார். நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அன்று சாயந்தரமே இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற ஆரம்பித்தார்கள். இது இரும்புக் குறைதான் என்று பிறகு இரத்தப் பரிசோதனையிலும் உறுதியானது.

ஒரு மாதம் கழித்து மிஸ்ஸிக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதிலில் அவர் என் பெயரை எழுதவில்லை. நானும் மேலிடத்துக்குப் போய், அது என்னால் வந்தது என்று சொல்லவில்லை. அவருடைய முப்பது வருடப் பணிப்பதிவில் அந்த ஒரு கறை என்னுடையது. அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்போலவே “அண்ணே” என்றுதான் கூப்பிட்டார்.

கோமதியின் இரத்தம் ஏற ஆரம்பித்தது. ஆனால் போதுமான அளவுக்கு ஏறக் காலம் கிடைக்கவில்லை. மூன்று வாரத்தில், நாள் ஆகுமுன்பே வலி வந்துவிட்டது. பிரசவத்தில் இரத்தம் போனது. நல்ல உடம்பாக இருந்தால் தாங்கியிருக்கும் என்றார்கள். அவர் உடம்பில் இழப்பதற்கு என்ன இருந்தது? யார் யாருடைய இரத்தத்தையோ ஏற்றினார்கள். இரண்டு நாள், காலையில் கிளினிக்குக்கு வந்ததும் மிஸ்ஸி முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் கை காட்டினார். கோமதி பிழைத்துவிட்டார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மிஸ்ஸியை அங்கே கூட்டிப்போனேன். கணவர் விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அக்கா கஞ்சி கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தார். மிஸ்ஸி குழந்தையைப் பார்க்க அடுத்த கட்டடத்துக்குப் போய்விட, நான் கோமதிக்கு வாங்கிவந்த பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பத் தயாரானேன். அப்போது பிரசவ வார்டின் டாக்டர் வந்தார், முன்பு பார்த்தவர் இல்லை. சின்ன வயது. “நீங்க தமிழா? நல்லதாப் போச்சு. இவங்களுக்கு ஏதாவது கேக்கணுமான்னு கேளுங்க,” என்றார்.

கேட்டேன்.

“என் பிள்ளை ஏண்ணா இத்துனூண்டா இருக்கு? அதைக் கேளுங்க,” என்றார் கோமதி.

டாக்டர் சொன்னார்: “பல மாசமா அம்மாவுக்கு இரத்தம் குறைவா இருந்திருக்கு. பிள்ளை வளர அது போதல. முன்னாடியே கவனிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

இதை எப்படி வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நாள் ஆகுமுன் பிறந்ததால் சின்னதாக இருக்கிறது என்று பாதி உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகப் போகத் தேறிவிடும் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். பிறகு, “முன்னாடியே கவனிச்சிருப்பாங்கம்மா,” என்றேன். “மிஸ்ஸி அஞ்சாம் மாசத்துலயே உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. எனக்கு வெட்கமா இருந்துச்சு, கேக்கல. கறுப்பா போகுதுன்னு நானே சொல்லிட்டேன். அடுத்த ரெண்டு மாசமும் அதையே சொன்னேன். அதனாலதான் நீங்க மாத்திரை போடலன்னு யாருக்கும் தெரியல.”

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, புரியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

“நான் ரெண்டு வரிதான் சொன்னேன்,” என்றார் டாக்டர். “நீங்க இவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க?”

அவரிடமும் மலாயில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, என் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைப் படித்தார்.

கோமதி கையூன்றிக் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு அதற்கே மூச்சு வாங்கியது.

“இப்ப அவர்கிட்ட என்ன சொன்னீங்க?” என்றார். “அதையும் எனக்குச் சொல்லுங்க. எதையும் விடாம சொல்லுங்க.”

சொன்னேன்.